இரண்டாம் உலையின் உறை

அந்த எண் எனக்கு மனப்பாடம். இந்த ஒன்பது வருடங்களில் என் பிறந்தநாளை மறந்திருக்கிறேன், வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறேன், அந்தப் பன்னிரண்டு இலக்கங்களை மட்டும் மறந்ததில்லை. அது யாழினியின் இடக்கை வளையலின் விதை எண். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள எங்கள் தங்கச் சுத்திகரிப்பு ஆலையின் பெட்டக அறையில், பன்னிரண்டரைக் கிலோ தங்கக் கட்டி ஒன்றுக்குள்ளிருந்து அது திரையில் வந்து நின்றது.

எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். வாசலில் நின்ற காவலர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி முழுவதையும் குடித்தேன். என் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

விதை என்றால் என்ன என்பதை, வளையல் வாங்கிய அன்று யாழினிக்குச் சொன்ன மாதிரியே இங்கும் சொல்லிவிடுகிறேன். நகை விதைச் சட்டம் வந்த புதிது. கடைக்காரர் பில்லில் இரண்டு நீளமான எண்களைக் காட்டி, இடக்கை வளையலுக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தங்கம் சோதிக்கும் வேலையில் இருப்பவன். விளக்கம் சொல்லக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா. ஹால்மார்க் முத்திரை குத்தும்போதே இரிடியம் என்ற உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத மணிகளாக நகைக்குள் செலுத்திவிடுகிறார்கள், ஒவ்வொரு நகையின் மணிகளுக்கும் தனி எண் உண்டு என்றேன்.

"அப்ப வளையலுக்கும் ஆதார் கார்டு வந்துருச்சுன்னு சொல்லுங்க."

"ஆதாரைத் தொலைச்சாத் தொலைஞ்சதுதான். இது தொலையாது. தங்கம் உருகற சூட்டுல இரிடியத்துக்கு வேர்வைகூட வராது. நாலு தடவை உருக்கிக் கட்டியாக்கினாலும் உள்ள அப்படியே கெடக்கும்."

"எதுக்கு இதெல்லாம்? உங்களுக்குத்தான் பத்தடி தூரத்துல பாத்தாலே தங்கமா இல்லையான்னு தெரிஞ்சிருமே."

கடைக்காரர் சிரித்தார். அது நான் எங்கே போனாலும் அடித்துக்கொள்ளும் பெருமை. கல்யாண வீடுகளில் அவள் என் தோளைத் தொட்டு, மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை, சொல்லுங்க பார்க்கலாம் என்பாள். நான் சொல்வேன். சரியா தப்பா என்று யாரும் போய்க் கேட்டதில்லை.

அந்த நாட்களில் விதையைப் படிக்கும் கருவி நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அரசு ஆய்வகத்தில். பழைய நகை வாங்கும் கடைகளில் விற்பவர் பெயர், தொழில், ஊர், எடை, விற்கும் காரணம் இவற்றை மட்டும் எழுதி வாங்குவார்கள். போன வருடம்தான் கருவி எங்களிடமும் வந்தது. பெட்டகங்களில் உள்ள எல்லாக் கட்டிகளையும் படித்துச் சான்று எழுத வேண்டும் என்று உத்தரவும் கூடவே வந்தது. எழுத நியமிக்கப்பட்டவன் நான்.

பெட்டகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. மரச்சட்டங்களின் மேல் கட்டிகளை அடுக்கியிருப்போம். ஒன்றின் மேல் ஒன்றை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். உரசினால் எடை போகும். புதிதாக வருபவர் எவரும் முதலில் ஒரு கையால் தூக்கப் பார்ப்பார், கட்டி அசையாது, எல்லோரும் சிரிப்போம். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வேலைச் சட்டைகளை எரித்து, சாம்பலிலிருந்து தங்கம் எடுப்பார்கள். கட்டிகள் இடத்தை விட்டு நகர்வதில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள்தான் மாறிக்கொண்டே இருப்பார்கள். காலையில் ஒரு வங்கி, மதியம் வேறொரு நாட்டு நிதியம். அவர்களில் ஒருவரும் கட்டியைக் கண்ணால் கண்டதில்லை. கருவி வந்தபின் உள்ளே இருந்தவர்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். ஒரு கட்டிக்குள் நானூறு வீட்டு நகைகள். திருட்டுப்போன சங்கிலிகள், பிரிந்துபோன மருமகளின் ஆரம், செத்துப்போனவரின் மோதிரம். ஆலை வாசலில் பில்லோடு ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள்.

இனி வெள்ளம். கோத்தகிரி மலைக்குப் போகும் பேருந்தில் நானும் யாழினியும் இருந்தோம். அந்தப் பயணம் அவள் ஏற்பாடு. எதற்கு என்று சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வறுத்த கடலைத் தோலை என் மடியில் போட்டுக்கொண்டே வந்தாள். "இறங்கினதும் ஒண்ணு சொல்றேன். ரெண்டு நிமிஷம் நீங்க கோவப்படலாம். அதுக்கு மேல படக் கூடாது" என்றாள். மேட்டுப்பாளையத்தில் பாலம் ஏறினோம். மலையில் என்ன பெய்திருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. பாலத்தோடு பேருந்து போயிற்று.

தண்ணீருக்குள் அவளுடைய இடக்கை மணிக்கட்டைப் பிடித்தேன், இல்லை, வலக்கை. இதை ஒன்பது வருடமாகத் தினமும் சரிபார்க்கிறேன். வலக்கைதான். வளையல் கழன்று என் கைக்குள் நின்றது. அவள் நிற்கவில்லை.

சிறுமுகைக்குக் கீழே பரிசல் ஓட்டும் முனியப்பன் என்னைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அன்று மட்டும் ஏழு பேரை உயிரோடும் இருபத்தாறு பேரை உயிரில்லாமலும் கரை சேர்த்த மனிதர். மூடிய என் கையைப் பிரித்து வளையலை எடுத்து என் சட்டைப் பையிலேயே போட்டவரும் அவர்தான். என் உள்ளங்கையில் தையல் போட்ட நர்ஸ் அதை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார். அந்த முடிச்சை நான் அவிழ்த்ததில்லை. நாற்பத்தோரு பேர் கிடைக்கவேயில்லை. அவர்களில் யாழினி ஒருத்தி. காணாமற்போனவர்களின் நகை எண்களையெல்லாம் போலீஸ் பட்டியல் போட்டது. எங்கள் பில்லிலிருந்து இடக்கை வளையலின் எண்ணை மட்டும் கொடுத்தேன். வலக்கையுடையதுதான் என்னிடம் இருக்கிறதே.

அந்த இடக்கை வளையல்தான் இப்போது கட்டிக்குள் இருந்தது. கட்டியின் மேல் குத்தியிருந்த வருடம் வெள்ளத்துக்கு நான்கு வருடம் பிந்தியது. பெட்டக அறையில் நின்று அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். நான்கு வருடம் அந்த வளையல் எங்கேயோ ஒரு கையில் இருந்திருக்கிறது. ஆற்றின் அடியில் இருந்தது உலைக்கு வராது. யாரோ எடுத்து, வைத்திருந்து, விற்றிருக்கிறார்கள். அவளே ஏன் விற்றிருக்கக் கூடாது? தலையில் அடிபட்டுப் பெயர் மறந்து, ஏதோ ஓர் ஊரில். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. மூன்று மாவட்ட மருத்துவமனைகளுக்கு ஃபோன் செய்தேன். மாலை பஸ்ஸில் பாட்டு போட்டார்கள், தாளம் போட்டுக்கொண்டே வந்தேன்.

வேறு யாராவது எடுத்திருக்கலாம் என்பது போலீசுக்குத்தான் முதலில் தோன்றியது. பட்டியலில் உள்ள எண்ணைப் படித்தால் கருவி அவர்களுக்கும் அதே நொடியில் சொல்லிவிடும். அந்தக் கட்டிக்குப் போன பழைய நகைகளில் ஒரு பங்கு, வெள்ளம் நடந்த மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையிலிருந்து வந்தது. கடையின் ஏட்டில் அந்த மாதம் விற்ற முப்பத்திரண்டு பேரில் ஒரு பெயர்: முனியப்பன், பரிசல், சிறுமுகை. மறுநாளே அவரைப் பிடித்தார்கள். செத்தவர்கள் உடம்பிலிருந்து நகை கழற்றியவன் என்று செய்தி வந்தது. சாட்சியாக வைத்தது என் கையெழுத்துள்ள சான்று.

கிளைச் சிறையில் அவரைப் போய்ப் பார்த்தேன். அவருக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். அவள் உயிரோடிருந்ததை அவர் பார்த்திருப்பார் என்று நம்பிப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர் முதலில் என் உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"தையல் நல்லா ஆறியிருக்குதுங் தம்பி."

நான் கருவியைப் பற்றி, எண்ணைப் பற்றி, வருடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தான் விற்றது தன் வீட்டுக்காரியின் தோடு என்றார். பழைய காலத்துத் தோடு, விதையெல்லாம் கிடையாது, மகளுக்குப் பிரசவச் செலவு என்றார்.

"அண்ணா, நீங்க எடுத்திருந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ கையில இருந்து எடுத்தீங்களா, அவளே குடுத்தாளா? அதை மட்டும் சொல்லுங்க. அவளே குடுத்தான்னு சொல்லுங்க."

"நான் அந்தம்மாவப் பாக்கவேயில்லீங்களே."

"என் கையில இருந்த வளையலை என் பையிலயே போட்டீங்கல்ல. அவ்வளவு யோக்கியமானவரு பொய் சொல்வீங்களா?"

அதைக் கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். வெளியே வரும்போது எனக்கு அவர் மேல் கோபம் கொதித்தது. என் உயிரைக் காப்பாற்றியவர் என் நம்பிக்கையைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று.

மறுநாள் தேநீர் நேரத்தில் பரிமளாக்காவிடம் இதையெல்லாம் கொட்டினேன். இரண்டாம் உலை அவர் ராஜ்யம். இருபத்திரண்டு வருடமாகப் பழைய நகைகளை உருக்கி, உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவை ஊதிச் செம்பையும் வெள்ளியையும் பிரித்து, அப்படியே கட்டியாக ஊற்றுகிறவர். புருவம் எப்போதும் கருகியிருக்கும். கண்மை மிச்சம் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவரும் என்னோடு சேர்ந்து குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் கட்டி எந்த உலையில ஊத்தினதுங்க?"

"உங்க உலைதான். ரெண்டு."

"தரணி, நான் ஒண்ணு சொன்னாத் திட்டக் கூடாது. நான் சட்டிய முழுசா ஊத்தறதில்லீங்."

எனக்குப் புரியவில்லை.

"கொஞ்சம் அடியில விட்டுருவேன். தயிருக்கு உறை வெக்கிற மாதிரி. உருகின தங்கம் கொஞ்சம் அடியில கெடந்தா அடுத்த உருக்கு சீக்கிரம் புடிக்கும். எங்கம்மா சோத்துப் பானையவே வழிக்க விட மாட்டாங்க. தங்கச் சட்டிய வழிக்க எனக்கு எப்படிங் மனசு வரும்?"

"சட்டி மாத்தும்போது?"

"உறைய எடுத்துப் புதுச் சட்டியில ஊத்திக்குவேன். நான் வந்த நாள்ல இருந்து அந்த உறை செத்ததேயில்லீங்க."

ஆலையின் விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு உருக்குக்குப் பிறகும் சட்டியைக் கவிழ்த்துச் சுரண்ட வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள், பரிமளாக்காவைப் பார்க்கவில்லை. எங்கள் யாருக்கும் உறை தப்பாகவே பட்டதில்லை. எடைக் கணக்கில் 'உலையில் உள்ளது' என்று ஒரு வரியில் போய்விடும். டம்ளரை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இரிடியம் தங்கத்தைவிடக் கனம். சட்டியைச் சாய்த்து ஊற்றும்போது மேல் தங்கம் முதலில் போகும், மணிகளில் பெரும்பகுதி அடியில் தங்கும். தங்கியது உறையில் சேரும். அடுத்த உருக்கில் கொஞ்சம் கலங்கி வெளியே போகும், கொஞ்சம் மறுபடி தங்கும். அப்படியானால் அந்தக் கட்டியில் இருந்த எண் அந்த மாதம் வந்த நகையுடையதாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு முன் எந்த வருடமும் வந்திருக்கலாம். வெள்ளம் வடிந்த அந்த வாரமே யாராவது எடுத்து விற்றிருக்கலாம்.

திட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டவரைத் திட்டினேன். படிக்காதவர் என்ற சொல்லைக்கூடச் சொன்னேன். அவர் என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தார்.

அரை மணியில் நிர்வாகி சபரிநாதன் என்னைக் கூப்பிட்டார். பரிமளாக்காவே போய்ச் சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை சபரிநாதன். வெள்ளம் வந்த வருடம் என் சம்பளத்தை எட்டு மாதம் நிறுத்தாமல் போட்டவர். கதவைச் சாத்தச் சொன்னார். எங்கள் முத்திரை குத்திய பதினான்காயிரம் கட்டிகள் உலகமெங்கும் பெட்டகங்களில் இருக்கின்றன, உறை விஷயம் வெளியே போனால் நான் எழுதிய சான்றுகள் எல்லாம் காகிதம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு மதியம் ரெண்டாம் உலைக்குச் சட்டி மாத்தறோம். இந்தத் தடவை உறை கிறை எதுவும் இல்லாம சுரண்டி, அமிலத்துல போடச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் தரணி. சும்மா இருந்தாப் போதும்."

"உள்ள ஒருத்தர் இருக்கார் சார்."

"அவருக்கு நல்ல வக்கீலா நானே வெச்சுக் குடுக்கறேன். உங்களையும் யோசிங்க. அவங்க உசிரோட இருக்காங்கன்னு அன்னைக்குத்தான ஓடிவந்து சொன்னீங்க? அதை எதுக்கு உங்க கையாலயே அழிக்கணும்?"

நான் சரி என்று தலையாட்டினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஓர் இரவு முழுக்க, அதாவது அன்று மாலை முதல் மறுநாள் காலை பதினோரு மணி வரை, நான் சரி என்றுதான் இருந்தேன். சான்றில் அவள் வெள்ளத்துக்குப் பிறகு நான்கு வருடம் வாழ்ந்தாள். ஒரு மனிதர் உள்ளே இருக்கும் வரை அவள் வெளியே இருப்பாள். பதினோரு மணிக்குக் கைகழுவும்போது, முனியப்பன் பார்த்த அந்தத் தையல் தழும்பு விரலில் தட்டுப்பட்டது. உலைக்கு நடந்தேன்.

"அக்கா, உறையில எனக்கு ஒரு துளி வேணும்."

"திட்டு முடிஞ்சுதுங்களா?" என்றார் பரிமளாக்கா. கரண்டியை அடி வரை விட்டு, பாயசத்தில் முந்திரி தேடுகிறவரைப் போல ஒரு சுற்று சுற்றி எடுத்து ஊற்றினார். கட்டைவிரல் அளவு. மீதி உறையையும் ஒரு சிறு அச்சில் தனியாக ஊற்றி, சபரிநாதன் கேட்டால் சுரண்டிய காலிச் சட்டியைத்தான் காட்டுவேன் என்றார்.

கருவியில் வைத்தேன். எண்கள் மழை மாதிரி இறங்கின. பதினோராயிரத்துச் சொச்சம். விதைச் சட்டம் வந்த பிறகு நடந்த கல்யாணங்கள் எல்லாம் அந்தக் கட்டைவிரலுக்குள் இருந்தன. யாழினியின் எண்ணைத் தட்டித் தேடினேன். இருந்தது. அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். எங்கள் பில்லில் இருந்த மற்ற எண். வலக்கை வளையல்.

இது நடக்க முடியாது. வலக்கை வளையல் என் பீரோவில், கைக்குட்டை முடிச்சில் இருக்கிறது. நான்தான் அவள் கையிலிருந்து அதை உருவியவன். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் இரண்டு வளையல்களும் உறைக்குள் இருந்தன.

விடுப்புகூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினேன். மதிய வெயில் படுக்கை வரை விழுந்திருந்தது. முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் அவிழ்த்தேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வளையலை வெறுங்கையில் வைத்தேன்.

எடையே இல்லை.

இருபது வருடம் தங்கத்தைத் தூக்கிய கை; அதற்கு உரைகல் வேண்டாம், கருவி வேண்டாம். இருந்தாலும் அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். மேலே மஞ்சள், உள்ளே செம்பு. அதே கொடி வேலைப்பாடு, அதே அளவு. சுத்தமான கவரிங்.

நான் சிரித்தேன். கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் அளவுக்குச் சிரித்தேன். பத்தடி தூரத்திலிருந்து தங்கத்தைச் சொல்லிவிடுகிறவன் எதிரே அவள் கவரிங் வளையலை ஆட்டி ஆட்டிச் சாப்பாடு பரிமாறியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. எத்தனை நாள் உள்ளுக்குள் சிரித்திருப்பாள். பஸ்ஸில் கடலைத் தோலை என் மடியில் போட்டபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு நிமிடம் கோபப்படலாம் என்றாளே.

தங்க வளையல்கள் அந்த ஆற்றுக்கே போகவில்லை. வெள்ளத்துக்கு முன்னாலேயே விற்றுவிட்டாள். வெள்ளத்துக்குப் பிறகான ஏடுகளையே எல்லோரும் புரட்டினோம். முன்னால் புரட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஆலையின் பழைய ஏட்டில் வெள்ளத்துக்குப் பதினேழு நாள் முன்பு, எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளியிருந்த கடையிலிருந்து ஒரு மூட்டை வந்திருந்தது. இரண்டாம் உலை. உருக்கில் குழாய் விட்டு மாதிரி எடுத்துத் தரம் சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. கடைக்குப் போனேன். ஏட்டை எடுத்துக் காட்டினார்கள். பெயர் யாழினி. எடை, இரண்டு வளையல். விற்கும் காரணம் என்ற இடத்தில் எல்லோரும் மருத்துவம், படிப்பு, கல்யாணம் என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் ஒரே சொல் இருந்தது: அடுப்பு.

உறையையும் வளையலையும் ஏட்டையும் கொண்டுபோய் நீதிமன்றத்தில் வைத்தேன். உறையில் சேர்ந்தது எப்போது சேர்ந்தது என்று எவராலும் சொல்ல முடியாது, நான் எழுதிய தேதிகளை நம்ப வேண்டாம் என்று நானே சாட்சி சொன்னேன். முனியப்பன் வெளியே வந்தார். வாசலில் அவர் காலில் விழப் போனேன், பிடித்துக்கொண்டார். வளையல் கவரிங் என்று சொன்னேன்.

"அது அன்னைக்கே தெரியுமுங் தம்பி. கையில எடுத்தாத் தெரியாதுங்களா? அவ்வளவு இறுக்கிப் புடிச்சிருந்தீங்க. அதைப் போயி கவரிங்குன்னு சொல்ல முடியுமா?"

சிறையில் அவர் ஏன் தலைகுனிந்தார் என்பது அப்போது விளங்கியது.

மற்றதெல்லாம் நல்லபடியாக முடியவில்லை. வெளிநாட்டுச் சந்தைகள் எங்கள் முத்திரையை ஏற்பதை நிறுத்தின. பரிமளாக்காவை அனுப்பிவிட்டார்கள், என்னையும். உறை ஒரு சிறு கட்டியாக நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கிறது. கிடைக்காத நாற்பத்தோரு பேரில் இன்னும் ஒன்பது பேரின் எண்கள் பிந்திய வருடத்துக் கட்டிகளில் வந்திருந்தன. அந்த வீடுகளிலும் என்னைப் போலவே யாரோ பஸ்ஸில் தாளம் போட்டிருப்பார்கள். ஓர் அம்மா, நஞ்சம்மா என்று பெயர், காரமடையிலிருந்து வந்து என் வீட்டு வாசலில் நின்றார். மகனின் கழுத்துச் சங்கிலி எண் வந்ததிலிருந்து அவனுக்கு இரண்டு செட் துணி வாங்கி வைத்திருந்தாராம்.

"உங்க வீட்டுக்காரி விசயம் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எம்பையன் இருக்கறான்னு நெனச்சுட்டு இருந்தேன். அதைய ஏனுங் கெடுத்தீங்க?"

உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

அடுப்பு என்ற சொல்லோடு இரண்டு மாதம் சுற்றினேன். வீட்டில் நல்ல அடுப்பு இருந்தது. பிறகுதான் அந்தப் பஸ் எந்த ஊருக்குப் போனது என்பது நினைவுக்கு வந்தது. விறகடுப்பில் சுடும் மொறுமொறு வர்க்கிக்குப் பேர்போன ஊர். புதுப் பாலம் வழியாகக் கோத்தகிரிக்குப் போனேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்திலிருந்து ஒவ்வொரு பேக்கரியாக ஏறி, ஒன்பது வருடத்துக்கு முன் அடுப்பு வாங்க யாராவது வந்தார்களா என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்தார்கள். ஆறாவது கடையில், விறகடுப்பில் வர்க்கி சுடும் இடம், மாவு அப்பிய கையோடு ஒருவர் வெளியே வந்தார். சாதிக் என்று பெயர்.

"கோயமுத்தூர்ல இருந்தா? நிறையப் பேசுவாங்களே, அந்தக்காவா?"

அவருடைய அப்பா கடையை விட்டுவிடலாம் என்று இருந்த சமயமாம். யாழினி நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை கற்றுக்கொண்டாளாம். அந்த ஞாயிறுகளில் அவள் எங்கே போவதாக என்னிடம் சொன்னாள் என்று யோசித்தேன், தையல் வகுப்பு. குத்தகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வீட்டுக்காரரைக் கூட்டி வருகிறேன் என்று போனவள்தான். வெள்ளத்துக்குப் பிறகு முகவரி தெரியாமல் சாதிக்கின் அப்பா ரொம்ப நாள் விசாரித்தாராம். வேறு யாருக்கும் விட மனமில்லாமல் இவர்களே நடத்தினார்களாம்.

"உங்களைப் பத்தியும் சொல்லியிருக்காங்க சார். அவருக்கு ஒரு உலை இருக்கு, எனக்கும் ஒண்ணு வேணும்னு."

அடுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். நல்ல செந்தணல். முகம் காய்ந்தது. பக்கத்துப் பலகையில், பிசைந்த மாவிலிருந்து ஓர் உருண்டையைக் கிள்ளி எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தார் சாதிக். அது எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு. முந்தின நாள் மாவு கொஞ்சம் சேத்தாத்தான் வர்க்கி உப்பும். தினமும் கொஞ்சம் நிறுத்தி வெப்போம். அக்கா வந்தப்ப அவங்க பிசைஞ்சதும் இதுலதான சேந்துச்சு."

அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சூடாக ஒரு வர்க்கியை என் கையில் வைத்தார். அந்தச் சூட்டைத் தழும்பு பொறுத்தது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்து நான் சொன்னதை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். உறையில் சேர்ந்தது எப்போது சேர்ந்தது, எவ்வளவு மீந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. இதில் அவள் இருக்கிறாள் என்று நான் சான்று எழுத முடியாது. இல்லை என்றும் எழுத முடியாது.

தின்றுவிட்டு இன்னொன்று கேட்டேன்.